ஒரு பக்கத்துக்கு எத்தனை நிமிடம்? ‘தி டிவிஷன் பெல்’ இரண்டு தட்டான கதை

முள்ளை ரெக்கார்டுத் தட்டின் விளிம்பில் இறக்கிவிட்டு அண்ணன் நாற்காலியில் போய்ச் சாய்ந்துகொண்டார். உறவில் அண்ணன் கிடையாது. பாட்டு கேட்பதில் எனக்கு மூத்தவர், அந்த வகையில் அண்ணன். ஒலிபெருக்கியில் பாட்டு வரவில்லை. காய்ந்த எண்ணெயில் கடுகு போட்டதுபோலச் சடசடவென்று ஏதோ வெடித்துக்கொண்டிருந்தது. பத்து நொடி, இருபது நொடி, அரை நிமிடம். அப்போதுதான் உறை பிரித்த தட்டு. நான் எழுந்து தூசி தட்டும் பிரஷ்ஷைத் தேடினேன்.

“எதுக்குப்பா எழுந்திரிக்கறே?”

“தட்டுல அழுக்கு இருக்குண்ணே.”

“அழுக்கெல்லாம் இல்ல, உக்காரு. அது சூரியன்.”

கிண்டல் செய்கிறார் என்றுதான் நினைத்தேன். ஆனால் விஷயம் நிஜம். பிங்க் ஃப்ளாய்ட் என்ற ஆங்கில ராக் குழுவின் ‘தி டிவிஷன் பெல்’ ஆல்பத்தில் முதல் உருப்படியான ‘கிளஸ்டர் ஒன்’ இப்படித்தான் ஆரம்பிக்கிறது. சூரியனிலிருந்து பாய்ந்து வரும் மின்துகள்களால், அதாவது சூரியக் காற்றால், எழும் மின்காந்த இரைச்சலைப் பதிவாக எடுத்து ஆல்பத்தின் வாசலில் வைத்திருக்கிறார்கள். இதைச் சொன்னவர் அந்த ஆல்பத்தில் வேலை செய்த ஒலிப்பொறியாளர் ஆண்டி ஜாக்சன். இரைச்சல் ஒரு நிமிடத்துக்கும் கொஞ்சம் அதிகமாக ஓடும். 1994-ல் முதன்முதலாகப் போட்டுக் கேட்ட ரசிகர்களும் என்னைப்போலவே ‘நமக்குப் பழுதான பிரதி வந்துவிட்டதோ’ என்று குழம்பியிருக்கிறார்கள். சிடியில் கேட்டவர்களுக்கே அந்தச் சந்தேகம் என்றால் ரெக்கார்டில் கேட்பவன் பிரஷ்ஷைத் தேடியது பெரிய குற்றமில்லை.

இரைச்சல் அடங்கி பியானோ வந்தபிறகு அட்டையைப் புரட்டிப் பார்த்தேன். உள்ளே இன்னொரு தட்டு இருந்தது. சிடியில் இந்த ஆல்பம் ஒரே வட்டு. இங்கே எதற்கு இரண்டு? விலையை ஏற்றும் வேலையா? அண்ணனிடம் கேட்டதற்கு “ஒரு பக்கத்துல எவ்வளவு நேரம் கொள்ளும்னு தெரிஞ்சா இது தானா புரியும்” என்றார். புதிதாக ரெக்கார்டு வாங்க ஆரம்பித்திருப்பவர்களுக்கு முதலில் தெரிய வேண்டியது இந்த ஒரு விஷயம்தான் என்று இப்போது எனக்கும் தோன்றுகிறது. தட்டின் எடை, நிறம், ஊசியின் விலை எல்லாம் அதற்கப்புறம்.

முதலில் ஒரு பழைய புதிர். எல்.பி. (‘லாங் பிளே’, ஆல்பங்கள் வரும் வழக்கமான பெரிய ரெக்கார்டு) தட்டின் ஒரு பக்கத்தில் எத்தனை கோடுகள் இருக்கின்றன? நூறு என்பார்கள், ஆயிரம் என்பார்கள். ஒன்றே ஒன்றுதான். கொசுவர்த்திச் சுருளை நினைத்துக்கொள்ளுங்கள். வெளி நுனியில் பற்றவைத்தால் சுற்றிச் சுற்றி எரிந்துகொண்டே நடுவுக்கு வருகிறதல்லவா, முள்ளும் அப்படித்தான் வெளி விளிம்பில் தொடங்கிச் சுற்றியபடியே உள்ளே வந்து லேபிளுக்குப் பக்கத்தில் நிற்கிறது. கோடு என்று நாம் சொல்வது உண்மையில் ஆங்கில ‘வி’ எழுத்து வடிவத்தில் வெட்டிய ஒரு பள்ளம். ஒரு சுவர் இடது காதுக்கு, மற்றது வலது காதுக்கு.

தட்டு நிமிடத்துக்கு 33⅓ முறை சுற்றுகிறது. ஒரு பக்கம் 22 நிமிடம் என்றால் கிட்டத்தட்ட 733 சுற்று. பன்னிரண்டு அங்குலத் தட்டில் விளிம்பையும் லேபிளையும் ஒதுக்கிவிட்டால் பள்ளம் வெட்டக் கிடைக்கும் அகலம் சுமார் எட்டரை சென்டிமீட்டர். அந்த எட்டரை சென்டிமீட்டருக்குள் 733 சுற்றையும் அடுக்க வேண்டும். வகுத்துப் பாருங்கள், ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் 0.116 மில்லிமீட்டர்தான் கிடைக்கும். அந்த ஒற்றைப் பள்ளத்தை அப்படியே உருவி நீட்டினால் அரைக் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக வரும். ஒரு பக்கம் பாட்டு கேட்பது என்றால் மிக மெல்லிய முனையுள்ள ஒரு முள் அத்தனை தூரம் நடந்து முடிப்பது.

அந்தப் பள்ளம் நேராக ஓடினால் சத்தமே வராது. அது நெளிகிறது. நெளிவுகளில் முள் ஆடுகிறது, அந்த ஆட்டம் மின்சாரமாகிறது, மின்சாரம் ஒலிபெருக்கியில் பாட்டாகிறது. சத்தம் கூடினால் நெளிவு அகலமாகும். பாஸ் கிட்டார், பெரிய டிரம் மாதிரியான அடித்தொனிகள் இன்னும் அதிக அகலம் கேட்கும். சன்னமான பாட்டுக்குக் கொஞ்சம் இடம் போதும். நெளிவு ரொம்பப் பெரிதாகிவிட்டால் பக்கத்துச் சுற்றின் சுவரை இடித்துவிடும். அப்புறம் முள் துள்ளும், தாண்டும், வந்த இடத்துக்கே திரும்பி வரும். கீறல் விழுந்த ரெக்கார்டு என்று நாம் மனிதர்களைத் திட்டுகிறோமே, அந்தக் கூத்து கீறலே இல்லாமலும் நடக்கும்.

ஆகவே நேரம், சத்தம், அடித்தொனி மூன்றும் பங்கு போட்டுக்கொள்ள இருப்பது அந்த எட்டரை சென்டிமீட்டர்தான். ஒன்றுக்குக் கூட்டிக் கொடுத்தால் இன்னொன்றுக்குக் குறையும். 20 நிமிடத்துக்குள் இருக்கும் பக்கத்தில் பொறியாளர் தாராளமாகக் கை வீசலாம். 25-ஐத் தாண்டினால் சுற்றுகளை நெருக்க வேண்டும், நெருக்கினால் சத்தத்தைக் குறைக்க வேண்டும். சத்தம் குறைந்தால் என்ன, நாம் வால்யூமைத் திருகிக்கொள்ளலாமே என்று தோன்றும். திருகலாம். பாட்டோடு சேர்ந்து தட்டின் சொந்த இரைச்சலும், உண்மையான தூசியின் சடசடப்பும் மேலே வரும். வெறும் இரைச்சலில் ஆரம்பிக்கும் ஓர் ஆல்பத்துக்கு இது எவ்வளவு பெரிய தலைவலி என்று யோசித்துப் பாருங்கள். எது சூரியன், எது தூசி என்று யார் பிரித்துச் சொல்வது?

இதிலும் சில சாமர்த்தியங்கள் உண்டு. அடித்தொனியை உள்ளபடியே வெட்டினால் இடம் போதாது. அதனால் வெட்டும்போது அதை நன்றாகக் குறைத்து, உச்சத்தொனியைக் கூட்டி வெட்டிவிட்டு, கேட்கும்போது தலைகீழாகத் திருப்பிச் சரிசெய்கிறார்கள். அமெரிக்க ரெக்கார்டு கம்பெனிகளின் சங்கம் 1954-ல் இதற்கு ஒரு பொது அளவை நிர்ணயித்தது. இன்று வரை அதுதான். அந்தத் திருத்தத்தைச் செய்வது ஆம்ப்ளிஃபயரில் உள்ள ‘ஃபோனோ’ பகுதி. புதிதாக டர்ன்டேபிள் வாங்கிச் சாதாரண சொருகியில் மாட்டிவிட்டு ‘சத்தமே வரல, வர்றதும் கீச்சுக் கீச்சுன்னு வருது’ என்று புலம்புகிறவர்கள் தவறவிட்டது இதைத்தான். இன்னொரு சாமர்த்தியம், அடுத்து வரப்போகும் சத்தம் பெரிதா சிறிதா என்று முன்கூட்டியே பார்த்துச் சுற்றுகளின் இடைவெளியை நகர்த்தி நகர்த்தி வெட்டுவது. தட்டை விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் இது கண்ணுக்கே தெரியும். சன்னமான இடங்கள் இழைத்த கருங்கல்போல வழவழப்பாக இருக்கும். டிரம்ஸ் பொரிந்து தள்ளும் இடங்கள் சற்று வெளிறி, மணல் தூவியதுபோல மினுங்கும். இரண்டு பாட்டுக்கு நடுவே பளபளப்பான ஒரு மெல்லிய வளையம். பாட்டைக் கேட்காமலே அதன் உடம்பைப் பார்த்துவிடலாம். சிடி இதைக் கொடுக்காது.

இடப் பிரச்சினை எல்.பி.யோடு பிறந்ததும் அல்ல. அதற்கு முன்பிருந்த 78 சுற்றுத் தட்டுகளில் ஒரு பக்கத்துக்கு மூன்று, நான்கு நிமிடம்தான். நம் பழைய வித்வான்கள் பல்லவி, அனுபல்லவி, சரணம் என்று ஒரு முழுக் கீர்த்தனையை அந்தச் சில நிமிடங்களுக்குள் மடித்து வைத்ததும் இதனால்தான். 1948-ல் அமெரிக்காவின் கொலம்பியா கம்பெனி எல்.பி.யைக் கொண்டுவந்தபோது பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கு மேல் என்பது ஒரு பெரிய விடுதலை. மேற்கில் பாட்டுக்காரர்கள் ‘ஆல்பம்’ என்ற ஒன்றை நினைத்துப் பார்க்கத் தொடங்கியதே அந்த அளவுக்குள்தான். முதல் பக்கம் ஓர் அங்கம், தட்டைத் திருப்பிப்போடுவது இடைவேளை, இரண்டாம் பக்கம் அடுத்த அங்கம்.

பிங்க் ஃப்ளாய்ட் இந்த அளவில் வளர்ந்த குழு. 1970-ல் வந்த ‘ஆட்டம் ஹார்ட் மதர்’ ஆல்பத்தின் தலைப்பு உருப்படி ஒரு பக்கம் முழுவதையும் எடுத்துக்கொண்டது. அடுத்த ஆண்டு ‘மெடில்’ ஆல்பத்தில் ‘எக்கோஸ்’ இருபத்து மூன்றரை நிமிடம். அதுவும் ஒரு முழுப் பக்கம். ‘தி டார்க் சைட் ஆஃப் தி மூன்’ மொத்தமே 43 நிமிடம், ‘விஷ் யூ வேர் ஹியர்’ 44. இவ்வளவு சரியாக வந்து நிற்பது தற்செயல் இல்லை. வீடு கட்டும்போது மனையின் அளவைப் பார்த்துத்தானே அறைகளைப் போடுகிறோம்.

பிறகு சிடி வந்தது. மனை பெரிதானது. ஒரே வட்டில் 74 நிமிடம், பக்கம் திருப்பும் வேலையும் கிடையாது. எழுபதுகளில் நாற்பத்தைந்து நிமிடத்துக்குள் சொல்லி முடித்தவர்கள் தொண்ணூறுகளில் ஒரு மணி நேரத்தைத் தாண்டினார்கள். பல குழுக்கள் அந்த இடத்தை வெறும் நிரப்புப் பாட்டுகளால் நிரப்பின என்பது என் அபிப்பிராயம். பழைய பெரிய குழுக்களின் பிற்கால ஆல்பங்கள் சலிப்பூட்டுவதற்குத் திறமை வற்றியது பாதிக் காரணம் என்றால், கத்தரிக்கோல் காணாமல் போனது மீதிப் பாதி.

‘தி டிவிஷன் பெல்’ வந்தது அந்தச் சமயத்தில், 1994 மார்ச் கடைசியில். குழு தொடங்கி ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. பெரும்பாலான பாடல்களை எழுதிவந்த ரோஜர் வாட்டர்ஸ் 1985-லேயே சண்டை போட்டுக்கொண்டு வெளியேறிவிட்டார். மிஞ்சியது கிட்டாரிஸ்ட் டேவிட் கில்மோர், டிரம்மர் நிக் மேசன், கீபோர்டு ரிச்சர்ட் ரைட். ரைட்டையும் ஒரு கட்டத்தில் குழுவைவிட்டு வெளியேற்றியிருந்தார்கள். இந்த ஆல்பத்துக்கு அவர் உண்மையிலேயே திரும்பி வந்தார். ஐந்து உருப்படிகளின் இசையில் அவர் பெயர் இருக்கிறது. ‘வேரிங் தி இன்சைட் அவுட்’ பாடலை அவரே பாடியிருக்கிறார். அந்தக் கம்மிய குரலைக் கேட்கும்போது நெடுநாள் பேசாதிருந்த ஒருவர் வாய் திறப்பதுபோல இருக்கும். வரிகளில் பெரும்பகுதியைக் கில்மோரோடு சேர்ந்து எழுதியவர் பாலி சாம்சன். அந்த ஆண்டே இருவருக்கும் கல்யாணம் ஆனது.

பதிவின் பெரும்பகுதி தேம்ஸ் நதியில் நிற்கும் ‘அஸ்டோரியா’ என்ற படகுவீட்டில் நடந்தது. கில்மோர் வாங்கி ஸ்டுடியோவாக மாற்றிய படகு அது. ஆல்பத்துக்குப் பெயர் கிடைக்காமல் தவித்தபோது, எழுத்தாளர் டக்ளஸ் ஆடம்ஸ், கடைசிப் பாடலான ‘ஹை ஹோப்ஸ்’ வரிகளிலிருந்தே இந்தப் பெயரை எடுத்துக் கொடுத்தார். கூலியாக அவர் சொன்ன தொண்டு அமைப்புக்கு நன்கொடை போனது. டிவிஷன் பெல் என்பது பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் வாக்கெடுப்புக்கு உறுப்பினர்களை அழைக்கும் மணி. அடித்த எட்டு நிமிடத்துக்குள் வந்து, ஆம், இல்லை என்று இரண்டு பக்கமாகப் பிரிந்து நிற்க வேண்டும். பேச்சு முறிந்துபோவதைப் பற்றியும் மறுபடி பேச முயல்வதைப் பற்றியுமே சுற்றிச் சுற்றி வரும் ஆல்பத்துக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைத்திருக்காது. ‘கீப் டாக்கிங்’ பாடலில் ஒலிக்கும் இயந்திரக் குரல் இயற்பியலாளர் ஸ்டீபன் ஹாக்கிங்குடையது. ஒரு டெலிபோன் கம்பெனியின் விளம்பரத்திலிருந்து எடுத்தது.

வெளிவந்தபோது விமர்சகர்கள் பலர் உதட்டைப் பிதுக்கினார்கள். மக்கள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் முதலிடம். ‘மரூன்ட்’ என்ற வார்த்தையில்லாத உருப்படிக்கு 1995-ல் கிராமி விருது வந்தது, குழுவின் முதல் கிராமி. காலம் போகப்போக ஆல்பத்தின் மதிப்பும் ஏறியது. ‘ஹை ஹோப்ஸ்’ அவர்களுடைய சிறந்த பாடல்களில் ஒன்று என்று இன்று சொன்னால் யாரும் அடிக்க வரமாட்டார்கள்.

சரி, நம் கணக்குக்கு வருவோம். ஆல்பம் மொத்தம் 66 நிமிடத்துக்குச் சற்று மேல். சிடியில் காலாட்டிக்கொண்டு உட்காரும். எல்.பி.யில் ஒரே தட்டு என்றால் பக்கத்துக்கு 33 நிமிடம், அதாவது 1100 சுற்று. முன்பு 0.116 மில்லிமீட்டர் என்று பார்த்தோமே, அது இப்போது 0.077 ஆகச் சுருங்கும். மூன்றில் ஒரு பங்கு இடம் போய்விடும். கில்மோரின் கிட்டாரும் மேசனின் டிரம்ஸும் அதற்குள் மூச்சு முட்டிப்போகும்.

இரண்டு தட்டாகப் போட்டிருக்கலாம். ஆனால் அது 1994. ரெக்கார்டைச் சவப்பெட்டிக்குள் வைத்து ஆணி அடித்துக்கொண்டிருந்த காலம். கடைகள் தட்டுகளுக்கான அலமாரிகளைக் கழற்றிக்கொண்டிருந்தன. யாரோ சில பழைய ஆட்கள் வாங்குவார்கள் என்பதற்காக இரண்டு தட்டுச் செலவு செய்ய யாருக்கும் மனம் வரவில்லை போலும். ஒரே தட்டாகத்தான் வந்தது, பாடல்களைச் சுருக்கி. எந்தப் பாட்டையும் முழுதாகத் தூக்கவில்லை. பல பாடல்களின் ஓரங்களை நறுக்கினார்கள். இழுத்து, நிதானமாக வளர்ந்து, மெதுவாகக் கரைவதுதான் இந்தக் குழுவின் பாணி. அவர்களிடம் போய் ஓரத்தை நறுக்கு என்பது ஆலாபனையைச் சுருக்கிவிட்டு நேராகப் பாட்டுக்கு வா என்று சொல்வது மாதிரி. பாட்டு இருக்கும், அது வந்த வழி இருக்காது.

இருபது ஆண்டு கழித்துச் சவப்பெட்டியிலிருந்து ரெக்கார்டே எழுந்து வந்துவிட்டது. 2014-ல் ஆல்பத்தின் இருபதாம் ஆண்டுப் பதிப்பு இரண்டு எல்.பி.யாக வந்தது. மூல அனலாக் நாடாக்களிலிருந்து அதை மாஸ்டர் செய்தவர், அதாவது தட்டுக்கு ஏற்றபடி ஒலியைக் கடைசியாகச் சீர்செய்தவர், அமெரிக்காவில் ‘தி மாஸ்டரிங் லேப்’ நடத்திவந்த டக் சாக்ஸ். இந்தத் துறையில் மூத்த கை. மறு ஆண்டே காலமாகிவிட்டார். ஆல்பத்தின் பாடல்கள் முழு நீளத்தில் ரெக்கார்டில் ஏறியது அப்போதுதான் முதல்முறை. அண்ணன் வீட்டில் நான் கேட்டது இந்தப் பதிப்பு.

நான்கு பக்கத்தையும் நிமிடக் கணக்கில் பாருங்கள். முதல் பக்கம் மூன்று உருப்படி, சுமார் பதினேழரை நிமிடம். இரண்டாவது ‘மரூன்ட்’ தொடங்கி ரைட்டின் பாட்டு வரை, பதினாறரை. மூன்றாவது பதினெட்டே முக்கால். நான்காவதில் ‘லாஸ்ட் ஃபார் வேர்ட்ஸ்’, ‘ஹை ஹோப்ஸ்’ இரண்டே பாட்டு, பதினான்குகூட இல்லை. எல்லாப் பக்கமும் இருபதுக்குள். எந்தப் பக்கத்திலும் நெருக்கடி இல்லை.

நான்காம் பக்கத்தை இன்னும் கொஞ்சம் பார்க்க வேண்டும். இன்னொரு சங்கதி அங்கே ஒளிந்திருக்கிறது.

தட்டு எப்போதும் ஒரே வேகத்தில்தான் சுற்றுகிறது, ஒரு சுற்றுக்கு 1.8 நொடி. ஆனால் வெளி விளிம்பில் ஒரு சுற்றின் நீளம் 90 சென்டிமீட்டருக்கு மேல், லேபிளுக்கு அருகில் வெறும் 38. ராட்டினத்தில் வெளியே உட்கார்ந்த பிள்ளைக்கும் நடுக்கம்பத்தைப் பிடித்திருக்கும் பிள்ளைக்கும் உள்ள வித்தியாசம். விளிம்பில் முள்ளுக்கடியில் நொடிக்கு 51 சென்டிமீட்டர் பள்ளம் ஓடுகிறது, உள்ளே 21 மட்டுமே. அதே ஒரு நொடிப் பாட்டைப் பாதிக்கும் குறைவான நீளத்தில் திணிக்க வேண்டும். நெளிவுகள் நெருங்கி நெருங்கி, முள்ளின் முனையே அவற்றுக்குள் சரியாக நுழைய முடியாத நிலை வரும். அப்போது ‘ஸ’, ‘ஷ’ ஒலிகள் எச்சில் தெறிப்பதுபோலக் கேட்கும். சிம்பல் சத்தம் கிழியும். பழைய தட்டுகளில் பக்கத்தின் கடைசிப் பாட்டு மட்டும் ஏன் மங்கலாக இருக்கிறது என்று குழம்பியிருந்தால், முள்ளையோ பாடகரையோ உடனே குறை சொல்லாதீர்கள். சில பேர் அமைதியான பாட்டாகப் பார்த்துப் பக்கத்தின் கடைசியில் போடுவதும் இதனால்தான்.

‘ஹை ஹோப்ஸ்’ ஆல்பத்தின் கடைசிப் பாட்டு. எட்டரை நிமிடம். மணியோசையில் தொடங்குகிறது, அந்த மணி பாட்டு நெடுக அடித்துக்கொண்டே இருக்கிறது. முடிவில் கில்மோர், மடியில் கிடத்தி வாசிக்கும் லேப் ஸ்டீல் கிட்டாரை எடுக்கிறார். அழுகைக்கும் பாட்டுக்கும் நடுவிலான ஒரு குரல் அது. பிறகு எல்லாம் அடங்கி மறுபடி மணி. மணியோசையைப் பதிவது எளிதில்லை. அடிக்கும் கணத்தில் ‘ணங்’ என்று ஒரு கூர்மை, அதைத் தொடர்ந்து நீண்ட ரீங்காரம். இரண்டும் துல்லியமாக வேண்டும். முப்பத்து மூன்று நிமிடப் பக்கத்தில் இந்த மணி லேபிளை ஒட்டி, நொடிக்கு 21 சென்டிமீட்டர் பகுதியில்தான் வந்து விழும். பதினான்கு நிமிடப் பக்கத்தைச் சாதாரண இடைவெளியிலேயே வெட்டினால்கூடக் கிடைக்கும் அகலத்தில் மூன்றில் இரண்டு பங்கோடு பாட்டு முடிந்துவிடும். முள் லேபிளிலிருந்து தள்ளியே நிற்கும். அங்கே நொடிக்கு 32 சென்டிமீட்டர்.

இதையெல்லாம் அண்ணன் அன்றைக்கு எண் போட்டுச் சொல்லவில்லை. அவர் செய்தது இவ்வளவுதான். தன்னிடம் இருந்த வேறொரு குழுவின் நீளமான ஒற்றைத் தட்டை எடுத்துக் கடைசிப் பாட்டைப் போட்டார். பிறகு எதுவும் பேசாமல் இதன் நான்காம் பக்கத்தைப் போட்டார். முதலாவதில் பாடகர் போர்வைக்குள்ளிருந்து பாடினார். இரண்டாவதில் மணி அடித்தபோது ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தேன், பக்கத்துத் தேவாலயமோ என்று.

இரண்டு தட்டாக்கினால் எல்லாம் லாபம் என்றும் சொல்ல மாட்டேன். பதினாறு, பதினேழு நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்துபோய்த் தட்டைத் திருப்ப வேண்டும். சிடிக்காக எழுதிய ஆல்பம் என்பதால் இவர்கள் இடைவேளை யோசித்து அடுக்கவில்லை. ஆனாலும் அதிசயமாக, வெட்டு விழுந்த இடங்கள் நன்றாகவே பொருந்துகின்றன. ‘மரூன்ட்’ இரண்டாம் பக்கத்தின் முதலில் வந்து விழுந்தது பெரிய பாக்கியம். ஆல்பத்தின் மிக அழகான கிட்டார் தட்டின் மிக வேகமான விளிம்பில் உட்கார்ந்திருக்கிறது. திட்டமிட்டார்களோ, அமைந்ததோ, எனக்குக் கவலையில்லை.

வாங்க நினைப்பவர்களுக்கு ஒன்றிரண்டு சொல்லிவிடுகிறேன். 1994-ன் ஒற்றைத் தட்டுக்குச் சேகரிப்பாளர்கள் நிறையப் பணம் கொடுப்பார்கள். அப்போது குறைவாகவே அச்சானது என்பதால். கேட்பதற்காக வாங்குகிறவர் அந்தப் பக்கம் போக வேண்டாம். அமெரிக்காவில் அப்போது அது கண்ணாடிபோல ஊடுருவும் நீல நிறத்தில் வந்தது. அதன் நினைவாக 2019-ல், இருபத்தைந்தாம் ஆண்டுக்கு, இரட்டைத் தட்டையும் நீலத்தில் போட்டார்கள். பார்க்க அருமை. காதுக்கு நீலமும் கறுப்பும் ஒன்றுதான். 180 கிராம் கனத் தட்டு என்று ஸ்டிக்கர் ஒட்டியிருப்பதும் அப்படியே. கனமான தட்டு சுலபமாக வளையாது, கையில் எடுத்தால் ஒரு கம்பீரம் இருக்கும். பள்ளத்தின் அளவோ தரமோ அதனால் மாறாது. ஸ்டிக்கரைப் படிப்பதைவிடப் பின்னட்டையில் எந்தப் பக்கத்தில் எத்தனை பாட்டு என்று எண்ணிப் பார்ப்பது மேல். நிமிடங்களைக் கூட்டினால் இன்னும் மேல். ஒற்றைத் தட்டில் ஒரு மணி நேர ஆல்பம் என்று கண்டால் கொஞ்சம் யோசியுங்கள்.

பெரிய அட்டைக்காக வாங்கினாலும் தப்பில்லை. அட்டைப் படத்தில், இங்கிலாந்தின் ஈலி ஊருக்குப் பக்கத்தில் ஒரு வயல்வெளி. அட்டை வடிவமைப்பாளர் ஸ்டார்ம் தார்கர்சனின் யோசனைப்படி செய்த இரண்டு பிரம்மாண்டமான உலோகத் தலைகள் அங்கே ஒன்றையொன்று பார்த்துப் பேசுவதுபோல நிற்கின்றன. கொஞ்ச நேரம் பார்த்தால் இரண்டு பக்கவாட்டு முகங்களும் சேர்ந்து நம்மை நேராகப் பார்க்கும் மூன்றாவது முகமாகும். அந்த இரண்டு வாய்களுக்கும் நடுவில், தூரத்தில், ஈலி தேவாலயம் தெரியும். சிடி அட்டையில் அது ஒரு புள்ளி. எல்.பி. அட்டையில் கோபுரமே தெரிகிறது. பல ஆண்டுகள் சிடி வைத்திருந்தும் அங்கே ஒரு தேவாலயம் இருப்பதை நான் அண்ணன் வீட்டில்தான் பார்த்தேன்.

கடைசியாக ஒன்று. இந்த ஆல்பத்துக்காக மூவரும் சேர்ந்து வாசித்ததில் நிறைய மிச்சமிருந்தது. ரிச்சர்ட் ரைட் 2008-ல் இறந்துபோனார். கில்மோரும் மேசனும் அந்த மிச்சப் பதிவுகளை எடுத்து, சேர்த்து, வளர்த்து, 2014 நவம்பரில் ‘தி எண்ட்லெஸ் ரிவர்’ என்று வெளியிட்டார்கள். அந்தப் பெயரும் ‘ஹை ஹோப்ஸ்’ பாட்டிலிருந்து எடுத்ததுதான். ஏறக்குறைய எல்லாமே வாத்திய இசை, மொத்தம் 53 நிமிடம். சிடியாக வாங்கினாலும் சரி, உள்ளே உருப்படிகள் நான்கு பகுதிகளாகத்தான் பிரிந்திருக்கின்றன. ஒவ்வொரு பகுதிக்கும் அவர்கள் கொடுத்த தலைப்பு: பக்கம் 1, பக்கம் 2, பக்கம் 3, பக்கம் 4.